பழம் செய்த குற்றம் என்ன?

பாட்டிக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடே பரபரத்தது. அன்று இரவே வாழைப்பழத்துக்குத் தடை விழுந்தது!

நாற்பது ஆண்டுகளாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பூவன் பழம் தின்று பழகியவர் பாட்டி. வெற்றிலைகூட அதற்குப் பிறகுதான். "இனிமேல் பழத்தைத் தொடாதீர்கள், அத்தை" என்று மருமகள் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். பாட்டியும் தலையை ஆட்டினார்.

ஆனால் காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு ஒரு டீ, மாலையில் மறுபடியும் ஒரு காபி. இவை மூன்றும் நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி இனிப்பு. "சீனிதானே கெடுதல்? அம்மாவுக்கு நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடு. அது ஒன்றும் செய்யாது" என்று மகன் வழி சொன்னார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தெருவுக்குத் தெரு இப்படி ஒரு பாட்டி இருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறு கரண்டி சர்க்கரை 4 முதல் 5 கிராம் இருக்கும். ஆறு கரண்டிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். ஒரு சிறிய பூவன் பழத்தில் இருக்கும் சர்க்கரையோ 8 முதல் 10 கிராம்தான்.

பத்தைத் துரத்திவிட்டு, முப்பதை உள்ளே வைத்துக் கொண்டார்கள்!

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, நாடு முழுவதும் எடுத்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-ம் ஆண்டில் வெளிவந்தது. அந்தப் பத்துக் கோடிப் பேரின் வீடுகளிலும் சாப்பாட்டுத் தட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்ற பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது பழம்தான்.

பழம் செய்த குற்றம் என்ன?

சர்க்கரை ஒன்றுதான்

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பழத்தில் இருப்பது வேறு ஏதோ தெய்வீகச் சர்க்கரை அல்ல. குளுக்கோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் என்ற மூன்று வகைச் சர்க்கரைகள் பழங்களில் இருக்கின்றன. சுக்ரோஸ் என்பது குளுக்கோசும் பிரக்டோசும் கைகோத்துக் கொண்டது. கடையில் வாங்கும் சீனியும் அதே சுக்ரோஸ்தான்.

வாழைக்காயில் முதலில் மாவுச்சத்து இருக்கிறது. அது பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் காய் இனிப்பதில்லை, பழம் இனிக்கிறது.

அப்படியானால் சீனியைத் தின்பதும் பழத்தைத் தின்பதும் ஒன்றுதானே என்று கேட்கலாம்.

ஒன்றல்ல. சர்க்கரை எதற்குள் இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழத்தில் சர்க்கரை தனியாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகளுக்குள் தண்ணீரோடு கலந்து அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அறைகளின் சுவர்கள் நாரால் ஆனவை. பல் மென்று, வயிறு கடைந்து, அந்தச் சுவர்கள் உடைந்த பிறகே சர்க்கரை வெளியே வரவேண்டும். வந்தாலும் நார்ச்சத்து அதை விரைந்து ஓட விடுவதில்லை. குடலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறிஞ்சப்படுகிறது.

காபியில் கரைந்த சீனிக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது. தொண்டையைத் தாண்டியதும் சிட்டாகப் பறந்துவிடும்.

ஆப்பிளை வைத்து ஒரு சோதனை

இதை வெறும் வாய்ப்பேச்சாக விடாமல் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

1977-ம் ஆண்டில் இங்கிலாந்தில் டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். உடல் நலமுள்ள 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் முழு ஆப்பிள். இன்னொரு நாள் ஆப்பிளை அரைத்த கூழ். மற்றொரு நாள் நார் நீக்கிய ஆப்பிள் சாறு. மூன்றிலும் சர்க்கரையின் அளவு ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் 60 கிராம்.

என்ன நடந்தது?

ஆப்பிளைத் தின்று முடிக்க ஆன நேரத்தைவிட 11 மடங்கு வேகத்தில் சாற்றைக் குடித்துவிட முடிந்தது. அதாவது, தின்பவருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, குடிப்பவருக்கு ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது!

ஆப்பிள் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்தது. சாறு குடித்தவர்களுக்கு அந்த நிறைவு வரவில்லை. சாற்றை மெதுவாகக் குடிக்கச் சொல்லியும் பார்த்தார்கள். அப்போதும் ஆப்பிள் தந்த நிறைவை அது தரவில்லை.

அடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை ஏறியது என்னவோ மூன்றிலும் ஒரே மாதிரிதான். ஆனால் சாறு குடித்தபோது உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரந்தது. அதனால் ஏறிய சர்க்கரை, பிறகு மளமளவென்று இறங்கியது. கூழிலும் ஓரளவு இப்படி நடந்தது. முழு ஆப்பிள் தின்றபோது அந்தத் திடீர் இறக்கம் இல்லை.

அதே ஆப்பிள். அதே சர்க்கரை. ஒன்றைப் பல் கடித்தது. மற்றொன்றை எந்திரம் கடித்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜூஸ் கடையில்

இப்போது நம் ஊர் ஜூஸ் கடைக்கு வரலாம்.

ஒரு தம்ளர் சாத்துக்குடிச் சாறு பிழிய மூன்று பழம், நான்கு பழம் போகிறது. மூன்று சாத்துக்குடியை உரித்து, சுளை சுளையாக ஒரே மூச்சில் யாராவது தின்கிறார்களா? ஒன்று தின்றால் போதும் என்று இருக்கும். சாறு என்றால் நின்ற இடத்திலேயே உள்ளே போய்விடுகிறது. அதற்கு மேல் கடைக்காரர் கரண்டி கரண்டியாகச் சீனி வேறு அள்ளிப் போடுகிறார். பிழிந்த சக்கை குப்பைக் கூடைக்குப் போகிறது. சர்க்கரையின் வேகத்தைத் தடுக்க வேண்டிய நார் அந்தச் சக்கையில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், பெட்டியில் அடைத்த பழச்சாறு வாங்கிப் போகிறார்கள். நல்ல மனசுதான். அதே காசுக்கு நாலு கொய்யாவோ ஒரு சீப்பு வாழைப்பழமோ வாங்கிப் போகலாம். கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள்.

பெட்டிச் சாறு விற்பவர்கள் "நூற்றுக்கு நூறு பழச்சாறு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வந்தார்கள். அது பெரும்பாலும் வற்றக் காய்ச்சிய சாற்றில் மறுபடியும் தண்ணீர் சேர்த்துச் செய்தது. வாங்குகிறவர்களை இது ஏமாற்றும் என்று, 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த வாசகத்தை எடுத்துவிடும்படி உத்தரவு போட்டது.

உலக சுகாதார நிறுவனமும் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2015-ம் ஆண்டில் அது சர்க்கரைக்கு ஓர் எல்லைக்கோடு போட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவர் என்றால், 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கில் என்னென்ன சேரும்? சீனி சேரும். தேன் சேரும். பாகு சேரும். பழச்சாறும் சேரும்! முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரை மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய சத்துணவு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவர் நாள் ஒன்றுக்கு 100 கிராம் பழம் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறது. நடுத்தரமான ஒரு கொய்யா, அல்லது ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். பெரிய விருந்து ஒன்றும் இல்லை.

நாட்டுச் சர்க்கரை நல்லதா?

பாட்டியின் மகன் சொன்ன சமாதானத்தை மறந்துவிடக் கூடாது.

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகிய நான்குக்கும் நம் வீடுகளில் தனி மரியாதை உண்டு. வெள்ளைச் சீனியைவிட மணமும் ருசியும் இவற்றில் அதிகம். கொஞ்சம் தாது உப்புகளும் இருக்கின்றன. ஆனால் வெல்லத்திலும் தேனிலும் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். நார் கிடையாது. காபியில் கரைந்தபின் வெல்லத்துக்கும் சீனிக்கும் ரத்தம் பெரிய வேற்றுமை பார்ப்பதில்லை.

"இயற்கையானது" என்ற ஒரு சொல்லை ஒட்டிவிட்டால், எதையும் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு நம்பிக்கை கிளம்பியிருக்கிறது. கருப்பட்டி மிட்டாயும் தேன் மிட்டாயும் மிட்டாய்தான்!

சீனாவில் கண்டது

சர்க்கரை வியாதிக்காரர்கள் பழம் தின்றால் என்ன ஆகும்?

சீனாவில் சுமார் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். நாள்தோறும் பழம் தின்றவர்களுக்கு, தின்னாதவர்களைவிடச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவாக இருந்தது. ஏற்கெனவே வியாதி உள்ளவர்களிலும், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பழம் தின்றவர்களிடம் சாவு 17 சதவீதம் குறைவாக இருந்தது.

பழம்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பழம் தின்கிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம். ஆனால் "பழம் தின்றால் ஆபத்து" என்ற பயத்துக்கு அந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. சர்க்கரை வியாதி இருப்பதாக முன்பே தெரிந்தவர்களில், பழத்தை அடியோடு நிறுத்தியவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்கு அதிகம். நம் பாட்டியின் கதை அங்கேயும் நடந்திருக்கிறது!

அமெரிக்காவில் சுமார் 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2013-ல் வேறொரு முடிவு வெளிவந்தது. திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகத் தின்றவர்களுக்குச் சர்க்கரை வியாதி வருவது குறைந்திருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கோ கூடியிருந்தது.

மாம்பழமும் சோறும்

சித்திரை, வைகாசி வந்தால் மாம்பழச் சண்டை வந்துவிடும். சேலத்து மாம்பழத்தின் வாசனை கூடத்தில் வீசும்போது, தாத்தா மட்டும் சுவரைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாம்பழத்தில் சர்க்கரை அதிகம்தான். 100 கிராம் சதையில் சுமார் 14 கிராம். ஒரு முழுப் பழத்தை ஒரே வேளையில் தின்றால் 25, 30 கிராம் ஆகிவிடும். அதையும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு தின்பது நம் வழக்கம்.

ஆனால் அந்தச் சாப்பாட்டை யாராவது கணக்குப் பார்க்கிறார்களா? ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனால் அதுவும் குளுக்கோஸ்தான். சாம்பாருக்கு ஒரு கிண்ணம், ரசத்துக்கு ஒரு கிண்ணம், மோருக்கு ஒரு கிண்ணம் என்று மூன்று கிண்ணம் போகிறது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. நாலு துண்டு மாம்பழத்தைக் கண்டால் மட்டும் அலறுகிறார்கள்!

சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் இரண்டு மூன்று துண்டு மாம்பழம் வைக்கலாம். அல்லது சாப்பாட்டோடு சேர்க்காமல், மாலை நாலு மணிக்குப் பஜ்ஜிக்குப் பதிலாகத் தின்னலாம். டாக்டரைக் கேட்டு, சர்க்கரை அளவைப் பார்த்துக் கொண்டு இப்படிச் செய்கிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சண்டை இல்லை.

எல்லாப் பழமும் எல்லோருக்கும் எவ்வளவும் ஆகும் என்று இதற்கு அர்த்தம் அல்ல. பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் தண்ணீர் வற்றியவை. அதனால் அவற்றில் பாதிக்கு மேல் சர்க்கரையே இருக்கும். இரண்டு மூன்றோடு நிறுத்திவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியம் சத்து கெடுதல் செய்யலாம். அவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது.

பழச்சாறு கைகொடுக்கும் நேரமும் ஒன்று உண்டு. சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக் கொள்கிறவர்களுக்குச் சில வேளைகளில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும். கை நடுங்கும். தலை சுற்றும். அப்போது அரைத் தம்ளர் பழச்சாறோ, மூன்று கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ உடனே கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். சாறு விரைந்து ஓடுகிற குணம், அந்த ஒரு சமயத்தில் உயிரைக் காக்கிறது.

ஏழையின் ஆப்பிள்

"பழம் தின்ன எங்கே காசு?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

பழம் என்றதும் ஆப்பிள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. காஷ்மீரத்திலிருந்தும் கடல் கடந்தும் வருகிற பழம் விலை அதிகமாகத்தான் இருக்கும். பளபளப்பும் அதிகம்.

ஆயக்குடிக் கொய்யாவுக்கு அந்தப் பளபளப்பு இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் கூடையில் வைத்து விற்கிறார்கள். ஆனால் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் 'சி' இருக்கிறது. ஆப்பிளில் 5 மில்லிகிராம் அளவுதான். நார்ச்சத்தும் ஆப்பிளைப் போல இரண்டு மடங்கு. விலையோ பாதிகூட இல்லை. நெல்லிக்காயும் வைட்டமின் 'சி'யில் கொய்யாவோடு போட்டி போடும்.

கொல்லையில் தானாக முளைத்து நிற்கும் பப்பாளியைப் பறவை கொத்த விட்டுவிட்டு, கடையில் கலர் தண்ணீர் வாங்குகிறோம். 300 மில்லி கோலா பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. வேறு ஒரு சத்தும் இல்லை. பிள்ளைக்குப் பத்து ரூபாய் கொடுக்கிற அப்பா, அது எங்கே போகிறது என்று ஒரு நாள் பார்க்க வேண்டும்.

வாழைக்கு மட்டும் நம் நாட்டில் எத்தனை பெயர்! பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, செவ்வாழை, நேந்திரன், பச்சைநாடன், சிறுமலை மலைப்பழம், குமரி மாவட்டத்து மட்டி. திருச்சியில் வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டீக்கடை வாசலில் தார் தொங்குகிறது. அதன் பக்கத்திலேயே கண்ணாடிச் சாடியில் பிஸ்கட்டும் கேக்கும். கை சாடிக்குத்தான் நீளுகிறது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் பழச்சாறே கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் சொல்லிவிட்டது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு வாழைப்பழத்தை மசித்துக் கொடுக்கும் நம் ஊர் வழக்கம் இருக்கவே இருக்கிறது. பால் புட்டியில் சாறு ஊற்றிக் கொடுத்தால் பல் முளைக்கும்போதே சொத்தையும் முளைக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பழம்

இதில் சர்க்காரும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது.

மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்த நாடு இது. காமராஜர் தொடங்கியதை, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரிவாக்கினார். பிறகு முட்டை வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு மட்டும் வாழைப்பழம் கொடுக்கிறார்கள்.

முட்டை சாப்பிடும் பிள்ளைக்குப் பழம் வேண்டாமா?

முட்டையோடு பழமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். தினமும் முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு நாள். பணம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் பத்து வயதில் பழம் தின்னப் பழகாத பிள்ளைக்கு, ஐம்பது வயதில் சர்க்காரே மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவும் கஜானாவிலிருந்துதான் போகிறது.

பழத்துக்கு எங்கேயும் அலைய வேண்டாம். தேனியிலும், திருச்சியிலும், ஈரோட்டிலும், தூத்துக்குடியிலும் வாழை விளைகிறது. புயல் அடிக்காத ஆண்டில், விலை விழுந்து, தாரை வெட்டுகிற கூலிகூடக் கட்டாமல் விவசாயி தோட்டத்திலேயே விட்டுவிடுவதும் உண்டு. அந்தந்த மாவட்டத்துப் பழத்தை அந்தந்த மாவட்டப் பள்ளிக்கே வாங்கினால், அவருக்கும் ஒரு நிலையான விலை கிடைக்கும்.

சத்துணவு ஆயாவுக்கும் இதில் கூடுதல் வேலை இல்லை. அடுப்பு வேண்டாம். எண்ணெய் வேண்டாம். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றும் இல்லை. சீப்பிலிருந்து பிய்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தால், பிள்ளைகள் தாங்களே உரித்துத் தின்பார்கள்.